400 சதவீதச் சிறுமிகள்

பால்புதுமை இளையோரின் போதைப் பழக்கத்தைப் பற்றிய எழுத்தில் அடிக்கடி மேற்கோளாகும் ஆய்வு ஒன்று உண்டு. மைக்கேல் மார்ஷலும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் ‘அடிக்‌ஷன்’ இதழில் வெளியிட்டது. அதுவரை வந்திருந்த 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் கொண்ட பதின்வயதினர் மது, புகை, போதைப்பொருள்களைப் பயன்படுத்தும் சாத்திய விகிதம், எதிர்பாலீர்ப்புள்ளவர்களைவிட 190 சதவீதம் கூடுதல் என்றார்கள். இருபாலீர்ப்பாளர்களில் 340. பெண்களில் 400.

இந்தக் கடைசி எண்ணைப் பெண்ணியவாதிகள் சும்மா கடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். 400 சதவீதம் கூடுதல் என்றால் ஐந்து மடங்கு விகிதம். (ஐந்தில் நான்கு சிறுமிகள் போதையில் கிடக்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை.) யாருடைய விகிதத்தைப் போல ஐந்து மடங்கு? எதிரே நிறுத்தப்பட்டிருப்பவள் எதிர்பாலீர்ப்புள்ள சிறுமி. குடிக்கும் பையனைக் கண்டும் காணாமல் விடும் சமூகம் குடிக்கும் பெண்ணை அப்படி விடுவதில்லை. அந்தக் காவலால் அவளுடைய எண் சிறுத்திருக்கும் இடங்களில், அவளோடு ஒப்பிடப்படுகிறவளின் எண் இன்னும் பெரிதாகத் தெரியும். ‘நல்ல பெண்’தான் இங்கே அளவுகோல். அந்த அளவுகோல் எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்காமல் 400ஐ மட்டும் எடுத்துப் பேசினால், பழைய ஒழுக்கப் பாடத்தையே புள்ளிவிவரத்தில் சொன்னதாகிவிடும்.

இதனால் வேறுபாடு பொய்யாகிவிடாது. அது உண்மை, அதற்கு வலுவான விளக்கமும் உண்டு. இகழ்ச்சியும் ஒளிந்து வாழும் கட்டாயமும் சேர்ந்து தரும் கூடுதல் சுமையை ‘சிறுபான்மை அழுத்தம்’ என்ற கருத்தாக இலான் மேயர் 2003இல் விரிவாக எழுதினார். ஆனால் ‘அழுத்தம்’ என்ற சொல்லை எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. அழுத்துகிறவர் யார் என்பது அதில் மறைந்துபோகிறது.

அந்த வகையில் கெய்ட்லின் ரயன் குழுவின் 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒரு படி மேல். 21 முதல் 25 வயதுக்குட்பட்ட 224 பேரிடம் பதின்வயதில் வீட்டார் எப்படி நடத்தினார்கள் என்று கேட்டார்கள். கடுமையாக நிராகரிக்கப்பட்டவர்கள், அவ்வளவாக நிராகரிக்கப்படாதவர்களைவிட, சட்டவிரோதப் போதைப்பொருளைப் பயன்படுத்தும் வாய்ப்பு 3.4 மடங்கு, தற்கொலைக்கு முயன்றிருக்கும் வாய்ப்பு 8.4 மடங்கு. நிராகரிப்பு என்றால் வீட்டைவிட்டுத் துரத்துவது மட்டும் அல்ல. அடிப்பது, வசைபாடுவது, தன்னைப் போன்ற நண்பர்களைப் பார்க்கவிடாமல் தடுப்பது எல்லாம் அதில் சேரும். கேள்வி பிள்ளையின் மனத்திலிருந்து வீட்டுக்கு நகர்கிறது. (வீடு என்றதும் தாயின் வளர்ப்பைக் குறை சொல்லக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.) குறையும் உண்டு: கேட்கப்பட்டவர்கள் வெள்ளையரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் மட்டுமே. கறுப்பினப் பெண்ணின் வீடு இந்தக் கணக்கில் இல்லை.

வீட்டைத் தாண்டினால் கடை. அமெரிக்க சிகரெட் நிறுவனமான ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் 1990களின் நடுவில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு விற்பனைத் திட்டம் வகுத்தது. இலக்கு, காஸ்ட்ரோ பகுதியின் தன்பாலீர்ப்பாளர்களும் டெண்டர்லாயினின் வீடற்றவர்களும். வீட்டில் இடமில்லாமல் கிளம்பிய இளையோர் வந்து சேர்ந்த இடங்களும் இவைதாம். நிறுவனத்தின் உள் ஆவணங்களில் அந்தத் திட்டத்தின் சுருக்கப் பெயர் ‘ஸ்கம்’. ஆங்கிலத்தில் அதற்குக் கசடு என்று பொருள்.