புள்ளியும் நகாசும்

நகாசு என்ற சொல்லை நாம் வசையாகத்தான் பயன்படுத்தி வருகிறோம். ஒரு கதையில் நகாசு வேலை அதிகம் என்றால் உள்ளே சரக்கில்லை என்று அர்த்தம். சொல்லோ உலோகத்தில் பொறிக்கும் தொழிலிலிருந்து வந்தது. தொழிலைப் பார்க்காமலேயே சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டோமோ என்ற சந்தேகம், செப்புத் தகட்டில் புள்ளிகளாலேயே உருவம் எழுப்பும் பொறிப்பு முறையைப் பற்றி யோசிக்கையில் எனக்கு வலுக்கிறது.

இம்மாதிரிப் படங்களைப் பார்க்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது: எத்தனை ஆயிரம் புள்ளிகள், என்ன பொறுமை! பொறுமையைப் பாராட்டுவது படைப்பைப் பார்க்காமல் தப்பிக்க ஒரு வழி. அரிசியில் பெயர் எழுதுகிறவனுக்கும் பொறுமை உண்டு.

பதுவா நகரத்து ஜூலியோ கம்பஞோலா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புள்ளிக்கு வந்தது பொறுமையைக் காட்ட அல்ல. கோடு அவருக்குக் கைவந்த விஷயம். டியூரரின் கோட்டைப் பிரதி செய்து பழகியவர். ஆனால் அப்போது வெனிஸில் ஜார்ஜோனேயின் ஓவியங்களில் உருவத்தின் விளிம்பு காற்றில் கரையத் தொடங்கியிருந்தது. கோடு விளிம்பைத்தான் சொல்லும். விளிம்பில்லாததைச் சொல்ல உளிக்கு வேறு பாஷை வேண்டியிருந்தது. அவருடைய ‘இளம் இடையன்’ இரண்டு நிலைகளில் கிடைக்கிறது. முதலாவதில் கோடுகள் மட்டும். அதே தகட்டில் பின்னர் புள்ளிகளை இட்டிருக்கிறார். முதல் நிலையில் இடையன் வரையப்பட்டவன். இரண்டாவதில் அவனைச் சுற்றி ஒரு பொழுது இருக்கிறது. நிலவெளியில் முதுகு காட்டிப் படுத்திருக்கும் வீனஸில் கோட்டின் உதவியே அநேகமாக இல்லை. இதை நகாசு என்று யாராவது சொன்னால், ஜார்ஜோனேயின் வண்ணத்தையும் நகாசு என்றுதான் சொல்லவேண்டும்.

இந்த வேலையைக் கற்க உட்காருகிறவன் முதலில் உருவம் எதையும் தொடுவதில்லை. வெறும் பட்டை ஒன்று: ஒரு முனையில் தகட்டின் வெறுமை, மறு முனையில் கறுப்பு, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் அடர்த்தி. குழியில்தான் மை தங்கும். ஆகவே உளி பட்ட இடம் இருட்டு, படாத இடம் வெளிச்சம். உளிமுனையால் சின்னதாக ஒரு கீறல், அது எழுப்பும் பிசிறைச் சுரண்டி எடுப்பது, அடுத்தது. சிறிது நேரத்தில் கைக்குத் தாளம் பிடித்துவிடும். அங்கேதான் அபாயம். புள்ளிகள் வரிசை கட்டும்; தள்ளி நின்று பார்த்தால், யாரும் பொறிக்காத கோடு ஒன்று கன்னத்தின் குறுக்கே ஓடும். வரிசையும் கூடாது, திட்டுத் திட்டாகவும் விழக்கூடாது. பழகிய கை தன் பழக்கத்தை ஒவ்வொரு புள்ளியிலும் முறித்துக்கொண்டே போகவேண்டும். அழித்து எழுதுவதும் சுலபமில்லை. பிழைபட்ட இடத்தைச் சுரண்டி, பள்ளத்தைத் தகட்டின் பின்புறமிருந்து தட்டி மேலே கொண்டுவந்து, மறுபடி மெருகேற்ற வேண்டும். நாலு தடவை இதைச் செய்தவன், வைக்கலாமா என்று யோசிக்காமல் ஐந்தாவது தடவை உளியை வைக்கமாட்டான். நம்முடைய உரைநடைக்காரர்களில் தாளம் பிடித்த கைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறேன். நடை கைவந்துவிட்டது என்று நாம் யாரைப் பாராட்டுகிறோமோ அவர்களிடம்தான் அந்தப் பொறிக்காத கோடு ஓடுகிறது.

கம்பஞோலாவைத் தொடர்ந்தவர்கள் மிகச் சிலரே. புள்ளிக்கு மவுசு வந்தது 18ஆம் நூற்றாண்டு லண்டனில். இதற்குள் வேலையும் மாறிவிட்டது. மெழுகுப் பூச்சில் ஊசியால் குத்தி அமிலத்தில் அரிக்க விடுவது, பல்சக்கரத்தை உருட்டுவது என்று வேகம் கூடியிருந்தது. பிரான்ஸிலிருந்து வந்த வழி இது. அங்கே இதன் நோக்கமே சுண்ணக்கோல் சித்திரத்தின் பொருபொருப்பை அப்படியே போலி செய்வது. 1764இல் லண்டனுக்கு வந்த பார்த்தலோஸ்ஸியின் பட்டறையிலிருந்து வழவழவென்ற அழகிகளும் கொழுகொழு மன்மதக் குழந்தைகளும் வந்துகொண்டே இருந்தன. 1768இல் ராயல் அகாடமி பொறிப்பாளர்களைச் சேர்க்க மறுத்தபோது இவர் ஓவியர் என்ற பெயரில் உள்ளே போனார். வெளியே நின்ற ராபர்ட் ஸ்ட்ரேஞ்ச் 1775இல் அதைப் பற்றிக் கோபமாக ஒரு புத்தகமே எழுதினார். அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் என்னை உறுத்துவது ரைலண்டின் கதை. இங்கிலாந்தில் இந்தப் புள்ளி முறையைப் பரப்பியவர், அரசரின் பொறிப்பாளர், 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனி உண்டியல் ஒன்றைப் போலி செய்ததற்காகத் தூக்கில் போடப்பட்டார். காட்டிக்கொடுத்தது கை அல்ல, காகிதம். உண்டியலில் கண்ட தேதிக்குப் பிறகே அந்தத் தாள் தயாரானது என்று சாட்சி வந்தது. இன்னொருவர் கையைப் பிசகாமல் எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்ட உத்தி போய்ச்சேர்ந்த இடம் அது என்று சொன்னால் குரூரமாக இருக்கும். ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. கம்பஞோலாவின் புள்ளியும் இவர்களுடைய புள்ளியும் தோற்றத்தில் உறவுக்காரர்கள்தான். ஒன்று கண்ணுக்கு எட்டாதிருந்ததைத் தேடிப் போனது. மற்றது விலைபோன ஒன்றைத் திருப்பித் தந்தது. நகாசு என்ற வசை இரண்டாவதற்குச் சரி.

கற்கிறவனுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. செம்பு மிருதுவானது. ஒவ்வொரு பிரதிக்கும் மையைத் தடவி, துடைத்து, அழுத்தும்போது தகடு தேய்கிறது. ஆழமில்லாத புள்ளிகள் முதலில் போகின்றன, கோடுகள் நிற்கின்றன. பிந்தி எடுத்த பிரதி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு பயில்கிறவன், ஆசான் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருந்தார் என்று நினைத்துக்கொள்வான்.