பிறந்த நாளைத் தவறவிடும் நாட்காட்டி

பிப்ரவரி 29-ஆம் நாள் பிறந்தவர் ஒருவரின் பிறந்த நாளைக் கணிப்பொறி நாட்காட்டியில் எழுதி, 'ஆண்டுதோறும்' என்று குறித்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். முடிவதில்லை. நாட்காட்டி நிரல்கள் ஒன்றோடொன்று குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ள 'ஐகேலண்டர்' என்ற பொது விதிமுறை 1998-இல் வகுக்கப்பட்டு, 2009-இல் திருத்தப்பட்டது. திருத்திய விதியின்படி, இல்லாத தேதி நேர்ந்தால் அதை விட்டுவிட வேண்டும். எனவே, விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றும் நிரலில் 2024-இல் வாழ்த்துப் பெற்றவருக்கு அடுத்த வாழ்த்து 2028-இல்தான்! அந்த நாளை முன்னோ பின்னோ தள்ளிக்கொள்ள வழிசெய்யும் துணைவிதி 2015-இல்தான் வந்தது. இதற்குப் பதினேழு ஆண்டுகள் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை.

பிறந்த ஆண்டு தெரியாத நண்பர்களின் நிலையும் வேடிக்கையானது. முகவரிக் குறிப்புகளுக்கான விதிமுறை, ஆண்டை விட்டு எழுத 2011-இல் இடம் தந்தது. ஆனால் ஆப்பிள் நிறுவனத்தின் நிரல் வெளியே அனுப்பும் குறிப்புகளில் அத்தகையோருக்கு 1604 என்ற ஆண்டு இடப்படுவதுண்டு. 1604 லீப் ஆண்டு. பிப்ரவரி 29-உம் அதில் அடங்கும். ஆனால் இந்த ஏற்பாட்டை அறியாத வேறொரு நிரல், நம் நண்பருக்கு நானூறு வயதுக்குமேல் கணக்கிட்டுவிடும்.

பிறந்த நாளை அலுவலகக் கூட்டத்தைப் போலவே கருதியதுதான் கோளாறுக்கு வேர் என்பது என் கருத்து.

நம் வீடுகளுக்கு வருவோம். சந்திரன் ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அதை அடையச் சுமார் 27.3 நாட்கள் ஆகின்றன. தமிழ் மாதமோ 29 முதல் 32 நாட்கள் வரை நீளும். ஆகவே ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இருமுறை வரலாம். எதைக் கொள்வது என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் வேறு. திதியின் சுற்று சுமார் 29.5 நாட்கள், அதிலும் இதே சிக்கல் உண்டு. என் தந்தையார் இறந்த திதியை ஆண்டுதோறும் பஞ்சாங்கம் பார்த்து நானே குறித்து வருகிறேன். செல்போனோ முதல் ஆண்டில் எழுதிய ஆங்கிலத் தேதியிலேயே இன்றும் மணி அடிக்கிறது.

2015-ஆம் ஆண்டுத் துணைவிதி சீன, யூத, எத்தியோப்பிய நாட்காட்டிகளுக்கு இடம் தருகிறது. அது சார்ந்திருக்கும் பட்டியலில் 'இந்திய' என்ற பெயரும் உண்டு. ஆனால் அது 1957-இல் அரசு ஏற்ற சக நாட்காட்டி. அதைப் பார்த்துத் திவசம் கொடுப்பவரை நான் கண்டதில்லை. நட்சத்திரத்தையும் திதியையும் எழுதுவதற்கான சொல்லே அவ்விதியில் இல்லை. பஞ்சாங்கச் செயலிகள் பல இருந்தும், அவை கணித்த நாட்கள் பொது நாட்காட்டிக்குள் வெறும் தேதிகளாகவே போய்ச் சேர்கின்றன. அத்தேதிகள் தீர்ந்ததும் மறுபடி கணித்துச் சேர்க்க வேண்டியதுதான்.