'லயம்' என்னுஞ் சொல்

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் 'லயம்' என்பது தொழிலாளர் வாழும் வரிசைக் குடியிருப்பினைக் குறிக்கும். தாள ஒழுங்கையும் ஒடுக்கத்தையும் சுட்டும் வடசொல்லோடு இதனை இணைத்தல் பொருந்தாது. குதிரை கட்டும் லாயத்தோடு ஒப்பிடுதல் கசப்பான அங்கதமாகலாம், சொற்பிறப்பாகாது. ஆங்கில 'லைன்' என்பதே இதன் மூலமென்பது எமது துணிபு. ஆளிநாரைக் குறித்த இலத்தீன் வேரினின்று தோன்றிய அச்சொல், நூலாய், கோடாய், வரிசையாய் விரிந்து, படைவீரர் குடில்நிரைக்கும் பெயராயிற்று. பின்னர்த் தோட்டத்தை அடைந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடுமுன்பே கோப்பித் தோட்டங்களில் இவ்வமைப்பு நிலைபெற்றிருந்தது.

'லயன்' என்பது 'லயம்' ஆதல், நலன், நலம் என்பவற்றில் நாம் காணும் ஈற்றுப் போலியே. 'லயத்துக் காம்பரா' என்னும் தொடரில் அது அத்துச் சாரியையும் பெறுகின்றது. உடன்வரும் 'காம்பரா' போர்த்துக்கேயம். இங்ஙனம் அயற்சொல்லைத் தமிழ் மரபுக்கு இசைவித்தோர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெரும்பாலும் குடியுரிமை இழந்த மக்களே. அவர்தம் ஆக்கத்தை வடசொல்லின் கீழ் ஒரு கிளைப்பொருளாக அடக்காது, அகராதியில் தனித் தலைச்சொல்லாகவே அமைத்தல் வேண்டும்.