பூண்

விதை, கொம்பு, சிப்பி முதலிய உயிர்ப்பொருள்களைத் தங்கத்தோடும் வெள்ளியோடும் சேர்த்துச் செய்யும் கைவினை நகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் 'இசைவு' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். கரடும் நயமும் கூடிவிட்டன என்பதோடு ரசனை தீர்ந்துவிடுகிறது. இது விமர்சனமல்ல, உபசாரம். இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே உறவு உண்டாகிவிடாது. எது எதற்கு என்ன செய்கிறது என்று கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்விக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: பூண். உலக்கையின் முனை பிளந்துவிடாமல் மாட்டுகிற இரும்பு வளையம் பூண். யானைக் கொம்புக்குப் போடும் உலோக வளையமும் பூண். ஆபரணத்துக்கும் அதே பெயர், அணிவது பூணுவது. மொழிப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நகையை நிறுத்துப் பார்க்க ஒரு படிக்கல் வேண்டும். இது அதற்கு உதவும் என்று எனக்குப் படுகிறது.

பூண் கட்டிய ருத்திராட்சத்தை எடுத்துக்கொள்வோம். ருத்திராட்சம் ஒரு பழத்தின் கொட்டை. அதன் முகங்களும் மேடுபள்ளங்களும் ஆசாரி செதுக்கியவை அல்ல. மாலையாகக் கோத்தால் துளையின் இரண்டு வாய்களில்தான் தேய்மானம்: அங்கேதான் நூல் அறுக்கிறது, அங்கேதான் கொட்டையும் கொட்டையும் உரசுகின்றன. தங்கம் அந்த இரண்டு இடத்தில் மட்டும் உட்காருகிறது. மிச்சத்தைக் கொட்டைக்கே விட்டுவிடுகிறது. நகரத்தார் ஆண்கள் அறுபதாம் கல்யாணத்தில் அணியும் கௌரிசங்கத்தின் பதக்கத்தில் பொன்வேலையின் சாமர்த்தியம் முழுவதும் இறங்கியிருக்கும். ஆனால் அந்தப் பதக்கத்தைத் தாங்கி நிற்பது கொட்டைதான். இதே மாலை அடகுக் கடைக்குப் போனால் கொட்டையின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் விலை போடுவார்கள். அதுவும் ஒரு விமர்சன முறைதான். நம்மில் பலருடைய முறை அதைவிட மேலானதல்ல.

எடைக்கு விலை என்ற இந்தக் கணக்கைப் பாரிஸில் இருந்துகொண்டு கலைத்துப்போட்டவர் ரெனே லாலிக் (1860–1945). வைரத்தின் அளவே நகையின் மதிப்பு என்றிருந்த காலத்தில், சீப்புக்கும் பொத்தானுக்கும் போய்க்கொண்டிருந்த கொம்பை அவர் நகைக்குள் கொண்டுவந்தார். கொம்பு சூட்டில் இளகும், அச்சுக்கு வளையும், ஆறியதும் இறுகும். காலப்போக்கில் உலரும், ஏடு ஏடாகப் பிரியும். தங்கத்துக்கு இந்த மூப்பு இல்லை. லிஸ்பனில் கல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய ஆர்க்கிட் சீப்பில் பூ தந்தம், பற்கள் கொம்பு, நடுவே ஒரு புஷ்பராகம். அந்தத் தந்தம் ஒரு யானையின் சாவு என்பதை இன்று மறந்துவிட்டுப் பேச முடியாது. ஆயினும் வேலையின் தர்மம் தெளிவாக இருக்கிறது. கல் பூவுக்காக இருக்கிறது. கல்லைக் காட்டுவதற்காகப் பூ வரவில்லை.

இன்னொரு முறை இருக்கிறது. நிஜமான ஒரு சுள்ளியையோ விதைக் கூட்டையோ மாவுக்குழம்பில் புதைத்து இறுகவைத்து, சூளையில் சுடுகிறார்கள். உள்ளே இருந்தது சாம்பலாகிறது. அந்த வெற்றிடத்தில் வெள்ளியை ஊற்றினால் சுள்ளியின் ஒவ்வொரு வரியும் தப்பாமல் வந்துவிடும். இதையும் இயற்கையைப் போற்றும் நகை என்றே விற்கிறார்கள். சுள்ளி எங்கே? எரிந்துபோயிற்று. மிஞ்சியது அதன் கையெழுத்து மட்டும். இந்த முறை பாவம் என்று நான் சொல்லவில்லை. இதைச் சேர்க்கை என்று சொல்வதுதான் பொய். ஒன்று செத்து இன்னொன்று அதன் முகத்தை மாட்டிக்கொண்டிருக்கிறது. நம் கவிதையில் கிராமத்துப் பேச்சு வருகிற விதம் பெரும்பாலும் இதுதான். வார்த்தையின் வரிகள் எல்லாம் துல்லியம். பேசின ஆள் இல்லை.

எதிர்த்திசையிலிருந்து வந்தவர் சுவிட்ஸர்லாந்தில் பிறந்த ஓட்டோ குன்ஸ்லி. 1980இல் அவர் செய்த ஒரு வளையின் பெயர் 'தங்கம் குருடாக்கும்'. கறுப்பு ரப்பர்க் குழாய், உள்ளே ஒரு தங்கக் குண்டு. வெளியே தெரிவது ஒரு புடைப்பு மட்டும். கொட்டைக்குத் தங்கம் பூணானது போல இங்கே தங்கத்துக்கு ரப்பர் பூண். பார்வைக்கு எட்டாத தங்கம் முதல்முறையாக யோசிக்கவைக்கிறது. ரப்பரைக் கிழித்து எடுத்தால் தங்கம் மிஞ்சும், நகை மிஞ்சாது.

இதைத்தான் சோதனையாக வைக்கலாம். பூணைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எதுவும் பிளக்காவிட்டால் அது முதலிலேயே அங்கே தேவைப்படவில்லை. நகையோ வரியோ, கணக்கு ஒன்றுதான்.