ஏலத்தில் ஜெயிப்பது யார்? இலக்கண விளையாட்டுகள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மத்தியில் நாற்பது வருடமாகப் புழங்கும் புத்தகம் ஒன்று உண்டு. மரியோ ரின்வொலூக்ரி எழுதிய 'கிராமர் கேம்ஸ்'. 1984-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. இன்று ஆசிரியர் பயிற்சிகளிலும் யூடியூப் வீடியோக்களிலும் காணக்கிடைக்கும் 'விளையாட்டு மூலம் இலக்கணம்' ஐட்டங்களில் பலவற்றுக்கு இதுவோ இதன் உறவினர்களோதான் மூலம். உறவினர்கள் என்றால், 1979-ல் ஆண்ட்ரூ ரைட்டும் மற்ற இருவரும் சேர்ந்து எழுதிய 'கேம்ஸ் ஃபார் லாங்குவேஜ் லேர்னிங்', 1988-ல் பென்னி ஊர் எழுதிய 'கிராமர் பிராக்டிஸ் ஆக்டிவிட்டீஸ்' போன்றவை.

நான் ஆசிரியன் இல்லை. மென்பொருள் எழுதுபவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பி.இ. முதல் வருடத்தில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பதற்குள் வியர்த்துப்போன கூட்டத்தில் ஒருவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறை உண்டு. இந்த விளையாட்டுகள் வகுப்பைக் கலகலப்பாக்குகின்றன என்பதில் சந்தேகமே இல்லை. என் கேள்வி வேறு: ஒவ்வொரு விளையாட்டிலும் உண்மையில் பயிற்சி பெறுவது எது, பயிற்சி பெறுபவர் யார்?

ஏலம்

இந்தப் புத்தகத்தின் வழியாக உலகம் முழுக்கப் பரவிய விளையாட்டு வாக்கிய ஏலம். போர்டில் பதினைந்து இருபது வாக்கியங்கள். சில சரி, சில தப்பு. 'ஷி டஸிண்ட் லைக் காபி' சரி. 'ஐ ஆம் நோயிங் ஹிம் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' தப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் சமமான கற்பனைப் பணம். ஆசிரியர் ஏலம் விடுவார். சரியான வாக்கியங்களை அதிகம் வாங்கிய குழு ஜெயிக்கும். தப்பு வாக்கியத்துக்குக் காசைக் கொட்டியவர்கள் கையைப் பிசைய வேண்டியதுதான்.

அருமையான ஐடியா. இலக்கணத் தப்பு என்றால் சிவப்பு மை, திட்டு என்றிருந்த இடத்தில் அதை ஒரு சூதாட்டச் சுவாரசியமாக மாற்றியிருக்கிறார். 'இது சரியா?' என்று நாலு பேர் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாதாடுவதே பெரிய விஷயம்.

ஆனால் இதை நம்மூர் வகுப்பில் ஓட்டிப் பாருங்கள். 40 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. எட்டுக் குழு, குழுவுக்கு ஐந்து பேர். போர்டில் 16 வாக்கியம். ஒரு வாக்கியத்துக்கு இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்தில் வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்பவர் ஆசிரியர். பிள்ளைகள் வாயிலிருந்து வருவது 'ஃபைவ் ஹண்ட்ரட்!', 'சிக்ஸ் ஹண்ட்ரட்!'. குழுவுக்குள் நடக்கும் விவாதம்? முழுக்கத் தமிழில். அதிலும் 'டேய், இது தப்புடா' என்று முடிவு சொல்வது ஒரே ஆள், ஏற்கெனவே தெரிந்த ஆள். மற்ற நாலு பேர் கைதட்டுவார்கள். பாடவேளை முடியும்போது ஒரு பிள்ளை ஓர் ஆங்கில வாக்கியம்கூடச் சொல்லாமல், ஒரு முடிவுகூடத் தானாக எடுக்காமல், ஜெயித்த குழுவில் இருந்திருக்க முடியும்.

இது ரின்வொலூக்ரியின் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர் கேன்டர்பரியில் உள்ள பில்கிரிம்ஸ் மொழிப்பள்ளியோடு நெடுங்காலம் தொடர்புடையவர். இங்கிலாந்து மொழிப்பள்ளி என்றால் ஒரே வகுப்பில் பல நாட்டு மாணவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குள் பொது மொழியே ஆங்கிலம்தான். குழுவாக உட்கார்ந்தால் வாதாட்டமும் ஆங்கிலத்தில்தான் நடந்தாக வேண்டும். ஏலத்தின் உண்மையான பாடம் அந்த வாதாட்டத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே தாய்மொழி இருக்கும் வகுப்புக்கு அதைக் கொண்டுவரும்போது விதிகள் வந்து சேர்கின்றன, பாடம் வழியிலேயே இறங்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த விளையாட்டுகளை எப்போது பயன்படுத்துவது என்று ரின்வொலூக்ரியே முன்னுரையில் சொல்லிவிடுகிறார். பாடம் நடத்துவதற்கு முன் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கண்டுபிடிக்க, நடத்திய பின் எவ்வளவு ஏறியது என்று பார்க்க, பிறகு திருப்புதலுக்கு. அதாவது பெரும்பாலும் சோதித்துப் பார்க்கும் கருவி. எங்கள் தொழிலில் சொல்வதானால் இது டெஸ்ட் கேஸ். டெஸ்ட் எத்தனை தடவை ஓடினாலும், எழுதாத கோட் தானாக எழுதப்பட்டுவிடாது. ஏலம் நடத்திவிட்டு 'இன்றைக்கு இலக்கணம் கற்றுக்கொடுத்தாச்சு' என்று டைரியில் எழுதுகிற இடத்தில்தான் சிக்கல்.

பரமபதமும் சுங்கச்சாவடியும்

அடுத்தது பாம்பும் ஏணியும். நம்மூர்ச் சரக்கு, வெளிநாடு போய் இலக்கண அட்டையாகத் திரும்பி வந்திருக்கிறது. கட்டத்தில் எழுதியிருக்கும் வினைச்சொல்லை இறந்தகாலமாக்கு, சரியாகச் சொன்னால் நிற்கலாம், தப்பென்றால் பின்னால் போ.

இந்த மாதிரி விளையாட்டுகளை எடைபோட எளிய சோதனை ஒன்று வைத்திருக்கிறேன். இலக்கணத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் எட்டாம் வாய்ப்பாட்டை வையுங்கள். ஆட்டம் அப்படியே ஓடுகிறதா? ஓடினால் இலக்கணம் அங்கே சுங்கச்சாவடி மட்டும்தான். காசைக் கொடுத்துவிட்டு வண்டி போய்க்கொண்டே இருக்கும். சுவாரசியம் தாயக்கட்டையில் இருக்கிறது, 'வென்ட்', 'கேம்'மில் இல்லை. மனப்பாடம் செய்த வினை வடிவங்களைத் திருப்பிப் பார்க்க இது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

லாஷ்கி, ப்ளே-வ்ரோமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை மூன்று படியாகப் பிரித்தார்கள். ஒரு செயலைச் செய்யும்போது குறிப்பிட்ட இலக்கணம் இயல்பாக வரக்கூடும், வந்தால் உதவக்கூடும், அல்லது அது இல்லாமல் செயலை முடிக்கவே முடியாது. மூன்றாவது வகைதான் வலிமையானது. ஆனால் பேசும் விளையாட்டில் அதை உருவாக்குவது ரொம்பக் கஷ்டம், கேட்டுப் புரிந்துகொள்ளும் விளையாட்டில் சுலபம் என்பது அவர்கள் வாதம்.

இருபது கேள்வி விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு பொருளை நினைத்துக்கொள்வார், மற்றவர்கள் ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் கேள்வி கேட்பது எவ்வளவு எளிது! 'பறக்கும்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் 'பறக்குமா?'. ஆங்கிலத்தில் 'கேன்' முன்னால் வர வேண்டும், அல்லது எங்கிருந்தோ ஒரு 'டஸ்' வந்து உட்கார வேண்டும். அதற்கு இது நல்ல பயிற்சிதான். ஆனால் பிள்ளைகள் புத்திசாலிகள். 'இட் ஃப்ளை?' என்று குரலை உயர்த்தினாலே போதும், பதில் கிடைத்துவிடும். நம் 'ஆ' குரலில் ஏறிக்கொள்ளும். ஆட்டம் ஜெயிக்கும், இலக்கணம் தோற்கும்.

ஆடு தூங்குகிறதா, ஆடுகள் தூங்குகின்றனவா?

தப்பிக்க வழியே இல்லாத விளையாட்டு எப்படி இருக்கும்? தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எது உண்மையிலேயே புதுசு என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

'நாய் பூனையைத் துரத்தியது', 'பூனையை நாய் துரத்தியது'. சொற்களை மாற்றிப் போட்டாலும் நமக்கு அர்த்தம் மாறுவதில்லை, 'ஐ' உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் 'த டாக் சேஸ்ட் த கேட்' என்பதை மாற்றிப் போட்டால் பூனை நாயைத் துரத்த ஆரம்பித்துவிடும். 'த கேட் வாஸ் சேஸ்ட் பை த டாக்' என்றால் மறுபடி நாய்தான் துரத்துகிறது. மூன்று வாக்கியம், இரண்டே படம். ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு அட்டைகள். ஆசிரியர் வாக்கியத்தைச் சொன்னதும் நெஞ்சோடு அட்டையை அணைத்துக்கொண்டு, மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். பக்கத்தில் பார்த்துக் காப்பியடிக்க நேரமில்லை.

கணக்குப் பாருங்கள். பத்து வாக்கியம், 40 பிள்ளைகள்: பத்தே நிமிடத்தில் 400 முடிவுகள். ஏலத்தில் முழுப் பாடவேளைக்கு 16 வாக்கியம், அதையும் முடிவு செய்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்.

இன்னொரு உதாரணம், எனக்கு ரொம்பப் பிடித்தது. 'ஹி கோ' என்று சொல்லாதே, 'ஹி கோஸ்' என்று சொல் என ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். ஏன் ஒட்டுவதில்லை? 'ஹி' என்று முதலிலேயே சொல்லியாச்சு, அந்த 'ஸ்' புதிதாக எதையும் சொல்வதில்லை. காது அதைத் தள்ளிவிடும். நம் பேச்சுத் தமிழிலும் 'ஆடுங்க மேயுது' என்றுதானே சொல்கிறோம், 'மேய்கின்றன' என்று யார் சொல்கிறார்கள்? ஆனால் 'ஷீப்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒருமையும் பன்மையும் ஒன்றே. 'த ஷீப் ஸ்லீப்ஸ்' என்றால் ஓர் ஆடு, 'த ஷீப் ஸ்லீப்' என்றால் மந்தை. ஒற்றை ஆட்டுப் படமா, மந்தைப் படமா என்று தேர்வு செய்யச் சொல்லுங்கள். இப்போது அந்தக் குட்டி 'ஸ்' ஒன்றுதான் துப்பு. எட்டாம் வாய்ப்பாட்டை இங்கே நுழைக்கவே முடியாது.

நம் பக்கத்திலேயே நடந்த பரிசோதனை

விளையாட்டுப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1979 முதல் 1984 வரை, என்.எஸ்.பிரபு தென்னிந்தியப் பள்ளி வகுப்புகளில் வேறொன்றைச் செய்து பார்த்தார். பெங்களூர்த் திட்டம் என்று உலகம் அழைத்தாலும் சென்னை, கடலூர்ப் பள்ளிகளும் அதில் இருந்தன. இலக்கணப் பட்டியலே கிடையாது. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து யோசித்து விடை காணச் சொல்வது. முதலில் ஒரு கணக்கை வகுப்பே சேர்ந்து ஆசிரியரோடு போடும், பிறகு அதேபோன்ற ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் போட வேண்டும். குழு வேலையைப் பிரபு ஊக்குவிக்கவில்லை. அரைகுறை ஆங்கிலம் பிள்ளைகளுக்குள் சுற்றிச் சுற்றி இறுகிவிடும் என்ற கவலை. 1987-ல் வந்த அவருடைய 'செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி' நூலில் ஓர் அளவுகோல் இருக்கிறது: வகுப்பில் பாதிப் பேராவது கொடுத்த வேலையில் பாதியையாவது சரியாகச் செய்தால்தான் அந்த வேலை பொருத்தமானது.

இந்த அளவுகோலை ஏலத்துக்கு வைத்துப் பாருங்கள். வைக்கவே முடியாது, ஏனென்றால் ஏலத்தில் தனி ஆளின் விடை என்ற ஒன்றே இல்லை.

பிரபுவின் வழியிலும் ஓட்டை உண்டு. அர்த்தத்தை மட்டும் துரத்தினால் அர்த்தம் தராத அந்த 'ஸ்' தானாக வருமா? பெரெட்டாவும் டேவிஸும் 1985-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், சூழலோடு கூடிய இலக்கணத்திலும் சொல்வதெழுதலிலும் திட்ட வகுப்புகள் முன்னால் இருந்தன. வாக்கிய அமைப்பை நேரடியாகச் சோதித்த தேர்வில் வழக்கமான வகுப்புகள் சோடை போகவில்லை. பிரபு விட்ட இடத்தை நிரப்பத்தான் நல்ல இலக்கண விளையாட்டு தேவைப்படுகிறது என்பது என் வாசிப்பு.

அப்படியானால் ஏலத்தை என்ன செய்வது?

தூக்கி எறிய வேண்டியதில்லை. மூன்று சின்னத் திருத்தம் போதும். ஏலத்துக்கு முன் மூன்று நிமிடம், ஒவ்வொரு பிள்ளையும் பேசாமல் தன் நோட்டில் சரி, தப்பு குறிக்கட்டும். குழுவுக்காகக் கேட்பவர் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாற்றுங்கள். தப்பு வாக்கியத்தை வாங்கி ஏமாந்த குழு அதைத் திருத்திச் சொன்னால் பாதிப் பணம் திரும்பக் கிடைக்கட்டும். அப்போது ஏமாந்தவர்களுக்குத்தான் அதிகப் படிப்பு கிடைக்கும், அதுதானே நியாயம்?

வீட்டில் ஆங்கிலம் கேட்கும் பிள்ளைக்கு எந்த விளையாட்டும் லாபம்தான். வகுப்பைத் தவிர வேறெங்கும் அது கிடைக்காத பிள்ளைக்கு அந்த 40 நிமிடம்தான் மூலதனம். அதைக் கைதட்ட வைத்தே செலவழித்துவிட்டால், சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஈடுகட்ட அதற்கு வழியில்லை. ஆகவே புது விளையாட்டு எதையாவது பார்த்தால் 'பிள்ளைகள் சிரித்தார்களா?' என்று கேட்டபின் இன்னொன்றையும் கேளுங்கள்: கடைசி பெஞ்சில் இருப்பவர் இன்றைக்குத் தானாக எத்தனை முடிவு எடுத்தார்? அந்த எண்ணிக்கை பூஜ்ஜியம் என்றால், விளையாட்டு எவ்வளவு பிரபலமானதாக இருந்தாலும் அதன் விதிகளை மாற்றத் தயங்க வேண்டாம்.