லிப்ரே ஆபீஸ்: கையேடு கையில் இருந்தால்

லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பை நிறுவிப் பார்த்துவிட்டுக் கைவிட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கேட்டால் "வேர்டு மாதிரி வரலை" என்பார்கள். வேர்டில் பழகிய கை பழைய இடத்திலேயே பொத்தானைத் தேடும். கிடைக்காவிட்டால் மென்பொருள் மட்டம் என்று முடிவாகிவிடும். அந்த மென்பொருளுக்கென்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் கையேடுகள் எழுதப்பட்டு, காசில்லாமல் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்து பார்த்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. ஆகவே இங்கே மென்பொருளையும் கையேட்டையும் சேர்த்தே எடைபோடுகிறேன். கையேட்டை ஒதுக்கிவிட்டு லிப்ரே ஆபீஸை மதிப்பிட்டால் தீர்ப்பு தவறாகத்தான் வரும்.

சோதனைக்காக நான் எடுத்துக்கொண்டவை மூன்று உண்மையான வேலைகள். ஓர் ஊர் வரலாற்றுப் புத்தகத்தை அச்சுக்குத் தயார் செய்வது, குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கணக்கு, அதே சங்கத்தின் உறுப்பினர்களுக்குப் பெயர் பெயராக அழைப்புக் கடிதம். மூன்றிலும் ஒரே விதி வைத்துக்கொண்டேன்: முதலில் கையேட்டில் உரிய அத்தியாயம், அதன் பிறகுதான் திரை.

மென்பொருளின் பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் லூனெபர்க் நகரில் மார்க்கோ போரீஸ் என்ற இளைஞர் 1985-இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தில் இதன் வேர் இருக்கிறது. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, மறு ஆண்டு அதன் அலுவலகத் தொகுப்பின் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. அதுதான் ஓப்பன் ஆபீஸ். 2010-இல் சன் நிறுவனமே ஆரக்கிள் வசம் போனது. திட்டத்தின் எதிர்காலம் பற்றிக் கவலைப்பட்ட பங்களிப்பாளர்கள் அந்த ஆண்டு செப்டம்பரில் 'தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பை அறிவித்துத் தனிவழி கண்டார்கள். லிப்ரே ஆபீஸின் முதல் வெளியீடான 3.3 பதிப்பு 2011 ஜனவரியில் வந்தது. கையேடுகளும் அதே வழியில் வந்தவைதான். ஓப்பன் ஆபீஸ் காலத்திலிருந்து எழுதி வந்த தன்னார்வலர்கள், அவர்களில் முக்கியமானவரான ஜீன் ஹாலிஸ் வெபர் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர் உட்பட, லிப்ரே ஆபீஸுக்கும் எழுதினார்கள். விளம்பரத் துறையின் கை படாத எழுத்து என்பது படிக்கும்போதே தெரிகிறது. "இது வேலை செய்யாது, இப்படிச் செய்யாதீர்கள்" என்று சொல்ல அந்தப் பக்கங்கள் தயங்குவதில்லை.

மொத்தத் தொகுப்புக்கும் அறிமுகமாக 'கெட்டிங் ஸ்டார்ட்டட் கைடு' இருக்கிறது. ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ், ட்ரா, மேத், பேஸ் என்று பகுதிவாரியாகத் தனிக் கையேடுகளும் உண்டு. எல்லாமே பிடிஎஃப் ஆகவும், ரைட்டரிலேயே திறக்கக்கூடிய ஓடிடி கோப்பாகவும் கிடைக்கின்றன. இரண்டாவது வடிவத்தைத் தவறாமல் தரவிறக்குங்கள். அந்தப் புத்தகங்கள் ரைட்டரில் எழுதி, ரைட்டரிலேயே பக்கம் கட்டப்பட்டவை. ஒரு தலைப்பின் மேல் சுட்டியை வைத்து எஃப் 11 விசையைத் தட்டி, அங்கே காட்டும் ஸ்டைலைத் திறந்தால், ஆசிரியர்கள் அந்தத் தலைப்புக்கு என்ன ஸ்டைல் வைத்தார்கள், எவ்வளவு இடம் விட்டார்கள் என்பதெல்லாம் திரையில் வந்துவிடும். பாடமும் மாதிரியும் ஒரே கோப்பில் கிடைப்பதால், பிடிஎஃப்பைப் படித்ததைவிட இந்தக் கோப்பைக் கிளறிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்தது அதிகம்.

7-ஆம் வரிசைப் பதிப்புகளின் அறிமுகக் கையேட்டில் அத்தியாய வரிசை கவனிக்கத்தக்கது. ஸ்டைல்களும் டெம்ப்ளேட்டுகளும் மூன்றாம் அத்தியாயத்திலேயே வந்துவிடுகின்றன. ரைட்டர் என்ற எழுத்துச் செயலியே நான்காவதில்தான் அறிமுகமாகிறது. எழுதத் தொடங்கும் முன்பே ஸ்டைலா என்று முதலில் தோன்றும். புத்தக வேலையில் இறங்கியதும் அந்த வரிசையின் நியாயம் புரிந்துவிட்டது.

நம் டிடிபி மையங்களில் நடக்கும் வேலையை நினைத்துப் பாருங்கள். தலைப்பைத் தேர்ந்தெடுத்து, அளவைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் நிறுத்தி, மேலும் கீழும் இரண்டு முறை என்டர். முந்நூறு பக்கத்திலும் இதே கைவேலை. ஆசிரியர் வந்து "தலைப்பெல்லாம் இன்னும் கொஞ்சம் சின்னதா இருக்கட்டும்" என்றால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து. கையேடு சொல்லும் முறை வேறு. இது அத்தியாயத் தலைப்பு, இது உட்தலைப்பு, இது மேற்கோள், இது படக்குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரை மட்டும் கொடுத்துவிட வேண்டும்; தோற்றத்தை ஸ்டைலில் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஓரிடத்தில் மாற்றினால் புத்தகம் முழுக்க மாறும். பெயர் கொடுத்த தலைப்புகள் எஃப் 5 விசையில் திறக்கும் நேவிகேட்டரில் பட்டியலாக நிற்கும். அங்கே ஓர் அத்தியாயத்தை இழுத்து மேலே போட்டால் உள்ளடக்கத்தோடு சேர்ந்து இடம் மாறும். பொருளடக்கத்தையும் கையால் தட்டச்ச வேண்டியதில்லை, பக்க எண்களோடு அதுவே உருவாகும்.

வேர்டிலும் ஸ்டைல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பத்திக்கு இருக்கிறது. ரைட்டர் ஒரு படி மேலே போய்ப் பக்கத்துக்கும் ஸ்டைல் வைத்திருக்கிறது. என்னை முழுவதுமாக வென்றெடுத்தது இந்த வசதிதான். அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் மேற்குறிப்பு வரக்கூடாது. இடப்பக்கத்தில் புத்தகப் பெயர், வலப்பக்கத்தில் அத்தியாயப் பெயர். முன்னுரைக்கு ரோமன் எண், நூலுக்கு 1 முதல் எண். அச்சுப் புத்தகத்தின் இந்த அடிப்படைத் தேவைகளுக்கு வேர்டில் செக்‌ஷன் பிரேக் போட்டு, முந்தைய பகுதியோடு உள்ள இணைப்பை அங்கங்கே துண்டித்துக்கொண்டு இருக்க வேண்டும். ரைட்டரில் 'முதல் பக்கம்' என்ற ஸ்டைலுக்கு அடுத்து எந்த ஸ்டைல் வரவேண்டும் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். அத்தியாயத் தலைப்பின் பத்தி ஸ்டைலிலேயே "எனக்கு முன் பக்கம் முறியட்டும், இந்தப் பக்க ஸ்டைல் தொடங்கட்டும்" என்று எழுதி வைத்துவிடலாம். தலைப்பைத் தட்டச்சு செய்து ஸ்டைலைக் கொடுத்ததும் புதிய பக்கம் தானே பிறக்கிறது. திரையைத் தடவித் தடவி இதைக் கண்டுபிடிப்பது கடினம். கையேட்டைப் படித்தவருக்கு ஒரு மாலை வேலை.

வெளியிலிருந்து வந்த கோப்பை ஒட்டும்போது பழைய அலங்காரங்களும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோலும் எம்மும் தட்டினால் நீங்கிவிடும். 7.6 பதிப்பில் சேர்ந்த ஸ்பாட்லைட் வசதி, எந்தெந்த இடத்தில் ஸ்டைலை மீறிக் கையால் அலங்காரம் செய்திருக்கிறது என்று குறியிட்டே காட்டுகிறது. பலர் கை பட்ட கோப்பைத் துப்புரவு செய்பவர்களுக்கு இது பெரிய உதவி.

இனி தமிழுக்கு வருகிறேன். இங்கேதான் கையேடு நம்மைப் பாதி வழியில் விட்டுவிடுகிறது. ரைட்டரைப் பொறுத்தவரை ஆங்கிலம் ஒரு வகை எழுத்து. தமிழ், இந்தி, அரபி போன்றவை 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற வேறொரு வகை. ஒரே ஸ்டைலுக்குள் இரண்டு வகைக்கும் தனித்தனி எழுத்துரு, தனித்தனி அளவு. புதியவர் ஸ்டைலுக்குள் போய் அளவை 14 ஆக்குகிறார், தமிழ் எழுத்து அசையவே மாட்டேன் என்கிறது. அவர் மாற்றியது ஆங்கிலப் பக்கத்து அளவை. டூல்ஸ் பட்டியில் ஆப்ஷன்ஸ் போய், மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கி, இயல்பு மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு ஸ்டைலின் எழுத்துருப் பக்கத்தில் தமிழுக்கான இடம் தெளிவாகத் தெரியும். இரண்டு இடத்திலும் அளவைப் பார்த்து வையுங்கள். 1947 போன்ற எண்கள் ஆங்கில எழுத்துருவைத்தான் எடுத்துக்கொள்ளும், அளவு பொருந்தாவிட்டால் வரிக்கு வரி துருத்திக்கொண்டு நிற்கும். அறிமுகக் கையேடு இதையெல்லாம் மிகச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறது. தமிழ்ப் பயனருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

எழுத்து உருவம் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளத்திலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே எழுத்தமைப்பு இயந்திரம்தான் இயங்குகிறது. ஒருங்குறித் தமிழில் கொம்பும் துணைக்காலும் விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸில் ஒரு மாதிரி என்று சிதறுவதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளை மட்டும் முன்கூட்டியே ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். அந்த மாற்றத்தைச் செய்யாமல் ரைட்டரில் புத்தக வேலையைத் தொடங்கவே கூடாது.

விரிதாள் செயலியான கால்க் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சங்கக் கணக்கு, கடைக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் எதற்கும் அது தாராளம். வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிட்டால் லட்சம், கோடி என்று நம் முறையில் காற்புள்ளி விழும். எக்ஸ்எல்லில் பலரும் விரும்பிப் பயன்படுத்தும் எக்ஸ்லுக்அப் சார்பு 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பில் இங்கும் வந்துவிட்டது. விபிஏ மேக்ரோக்களை நம்பி அலுவலகமே ஓடுகிறது என்றால் அவசரப்பட்டு மாறாதீர்கள். சில ஓடும், சில ஓடாது. அழைப்புக் கடித வேலையில் மெயில் மெர்ஜ் சுற்றுவழிதான். பெயர்ப்பட்டியலைத் தரவு மூலமாகப் பதிவு செய்து, பிறகு கடிதத்தோடு இணைக்க வேண்டும். ரைட்டர் கையேட்டின் மெயில் மெர்ஜ் அத்தியாயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போனால் சிக்கலில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தரவுத்தளத்துக்கான பேஸ் இந்தத் தொகுப்பின் பலவீனமான உறுப்பு. முக்கியமான தரவை அதில் மட்டும் வைக்கச் சொல்லி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வேர்டு கோப்பைத் திறந்தால் வரிகள் இடம் மாறுவது உண்டு. பெரும்பாலும் எழுத்துரு இல்லாததுதான் காரணம். வேர்டு கோப்புகளில் வரும் கலிப்ரி எழுத்துருவுக்குப் பதில் அதே அகலம் கொண்ட கார்லிட்டோ இங்கே இருக்கிறது. விண்டோஸின் தமிழ் எழுத்துருக்களான லதாவோ நிர்மலாவோ இல்லாத லினக்ஸ் கணினியில் தமிழ்க் கோப்பு வேறு எழுத்துருவில் திறந்து பக்க எண்ணிக்கையே மாறிவிடும். ஃபைல் பட்டியில் ப்ராப்பர்ட்டீஸ் போய் எழுத்துருவைக் கோப்போடு பதித்து அனுப்பலாம். அச்சகத்துக்குப் போவதாக இருந்தால் பிடிஎஃப்தான் ஒரே வழி.

கையேட்டின் குறை வேறு வகை. மென்பொருள் ஆண்டுக்கு இரண்டு முறை புதுப்பதிப்பு காண்கிறது, எழுதுபவர்கள் தன்னார்வலர்கள். அதனால் சில படங்களில் இருக்கும் பட்டி உங்கள் திரையில் பெயர் மாறியிருக்கும். பயிற்சிக் கணக்குகள் போதாது. விளக்கம் இருக்கிறது, "இப்போது நீங்கள் செய்து பாருங்கள்" என்று சொல்லும் பக்கங்கள் குறைவு. வகுப்பில் நடத்த நினைக்கும் ஆசிரியர் பயிற்சிகளைத் தாமே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

எனக்குப் பெரிய வருத்தம் மொழி பற்றியது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் இருந்தது. அதனுள் கட்டற்ற அலுவலகத் தொகுப்பும் இருந்தது. கருவி கைக்கு வந்த அளவுக்கு, அதைக் கற்றுத்தரும் எழுத்து தமிழில் வீடு தேடி வரவில்லை. பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. ரைட்டரும் கால்க்கும் பாடப்புத்தகத்துக்குள் இருக்கின்றன. பள்ளிக்கு வெளியே அரசு அலுவலகங்களிலும் இந்தப் போக்கு உண்டு. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் தன் நிர்வாகத்தின் சுமார் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்தது. அரசு ஆவணங்களின் வடிவம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கக்கூடாது என்ற எண்ணம் இத்தகைய முடிவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் சேமிக்கும் ஓடிஎஃப் வடிவம் 2006 முதல் ஐஎஸ்ஓ தரம் பெற்றது. இருபது ஆண்டு கழித்தும் வேறொரு மென்பொருளில் திறக்கலாம் என்பதற்கு அதுதான் உத்தரவாதம்.

தமிழில் எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் ரைட்டர், கால்க் பாடங்கள் தமிழ்க் குரலில் காணொளிகளாக இருக்கின்றன. ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். கணியம் அறக்கட்டளை 'எளிய தமிழில்' என்ற வரிசையில் பல கணினி நூல்களைக் கொண்டுவந்து, இந்த வகை எழுத்து தமிழில் நன்றாகவே நிற்கும் என்று காட்டியிருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். நீண்ட ஆவணம், புத்தகம், ஆய்வேடு எழுதுபவர்களுக்கு ரைட்டரும் அதன் கையேடும் சேர்ந்த இணைக்கு நான் முழு மனதோடு பரிந்துரை தருகிறேன். வட்டில் 1.5 ஜிபி இடம் இருந்தால் போதும், பழைய கணினியிலும் ஓடும். இரண்டு பக்கக் கடிதம் மட்டும் எழுதுபவர்கள் மாறினாலும் சரி, இருக்கும் இடத்திலேயே இருந்தாலும் சரி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்தக் கையேடுகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவருகின்றன. ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம். கணினி ஆசிரியர்களும் டிடிபி தொழிலில் இருப்பவர்களும் சேர்ந்து, ஸ்டைல்கள் பற்றிய அந்த ஒரே அத்தியாயத்தை முதலில் தமிழில் கொண்டுவாருங்கள். தமிழ் எழுத்துரு அமைப்பு பற்றி நான்கு பக்கம் கூடுதலாகச் சேர்த்து, நம் பள்ளிகளுக்கும் அச்சகங்களுக்கும் கொடுங்கள்.