ஸ்னார்லாக்ஸை நம்பலாமா?

போக்கிமானைத் தமிழில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு ஸ்னார்லாக்ஸ் மேல் தனிப் பாசம் உண்டு. 1996இல் ஜப்பானில் வந்த முதல் விளையாட்டுகளிலேயே அது வழியை மறித்துப் படுத்துத் தூங்கும். குழல் ஊதி எழுப்பினால்தான் அந்தப் பக்கம் போக முடியும். திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் கல்லூரி விடுதிகளில் ஸ்விட்ச் கருவி வாங்க வசதியில்லாத மாணவர்கள் போன் பிரவுசரில் ஷோடவுன் என்ற போக்கிமான் சண்டைத் தளத்தைத் திறந்து அணி சேர்க்கிறார்கள். அதில் ஒரு இடம் பெரும்பாலும் இந்த மாதிரிக் கனமான, அசையாத ஒன்றுக்குத்தான். வரிசையாக நாலு ஆட்டம் தோற்றதும் தீர்ப்பு வந்துவிடும்: “ஸ்பீடு இல்லாததெல்லாம் வேஸ்ட்டுடா.” எதிர்க்கட்சியும் உண்டு. அடி தாங்கும் உயிரி ஒன்று இருந்தால் போதும், எதிராளி தானே களைத்துப்போவான் என்பது அவர்கள் வாதம். இரண்டு தரப்பும் அரைகுறையாகத்தான் பார்க்கின்றன என்பது என் கருத்து.

ஸ்னார்லாக்ஸின் எண்களைப் பாருங்கள். உயிர்ப்புள்ளி 160, தாக்குதல் 110, சிறப்புத் தற்காப்பு 110. ஆனால் உடல் தற்காப்பு 65, வேகம் 30. நெருப்பு, மின்சாரம் மாதிரியான சிறப்புத் தாக்குதல்களை ஊதித் தள்ளும். ஓங்கி ஒரு குத்து விட்டால் வலிக்கும். 1999இல் வந்த கோல்டு, சில்வர் விளையாட்டுகளில் இதற்குக் கர்ஸ் என்ற மூவ் கிடைத்தது. அதைப் போட்டால் தாக்குதலும் உடல் தற்காப்பும் ஒன்றரை மடங்காகும். பதிலுக்கு வேகம் குறையும். ஏற்கெனவே எல்லாருக்கும் பின்னால் அடிக்கிற உயிரிக்கு வேகம் இன்னும் குறைந்தால் என்ன நஷ்டம்? விலையே கொடுக்காமல் வாங்கிய பொருள் அது. அதுவும் தன் ஒரே ஓட்டையை அடைக்கிற பொருள். மூன்று முறை போட்டால் இரண்டரை மடங்கு, ஆறு முறை போட்டால் நாலு மடங்கு. நடுவே உயிர் குறைந்தால் ரெஸ்ட் போட்டுத் தூங்கி முழுதாக எழலாம். லெஃப்ட்ஓவர்ஸைக் கையில் கொடுத்துவிட்டால் டர்னுக்குப் பதினாறில் ஒரு பங்கு உயிர் தானாக ஏறும். அந்தக் காலத்துப் போட்டி ஆட்டத்தில் ஸ்னார்லாக்ஸ் இல்லாத அணி அபூர்வம். அதற்குப் பதில் சொல்ல முடியாத அணியோ தேறவே தேறாது.

இந்த வெற்றியில் பொறுமைக்கு எவ்வளவு பங்கு, விதிகளுக்கு எவ்வளவு பங்கு? விதிகளுக்கே அதிகம் என்பேன். கோல்டு, சில்வரில் ஓர் உயிரியின் எல்லாத் திறன்களையும் உச்சம் வரை வளர்க்கலாம். 2002இல் ரூபி, சஃபையர் வந்தபோது மொத்தமே 510 புள்ளிதான், அதைப் பங்கிட்டுக்கொள் என்றார்கள். உயிரைக் கூட்டினால் தற்காப்பில் கை வைக்க வேண்டும். அடியை ஒன்றரை மடங்காக்கும் சாய்ஸ் பேண்டும் அப்போதே வந்தது. 2006இல் டைமண்ட், பேர்ல் விளையாட்டுகளில் குளோஸ் காம்பட் வந்து சேர்ந்தது: சண்டை வகை, 120 வலு. ஸ்னார்லாக்ஸுக்கு இரட்டிப்பாக வலிக்கும் ஒரே வகை அதுதான். உடம்பு அப்படியே இருக்க, சுற்றியிருந்த கணக்கு மாறிவிட்டது. இன்றும் அதே பழைய நாலு மூவை வைத்து ஆடுகிறவர்கள் தோற்பது இதனால்தான்.

இதே டைமண்ட், பேர்லில்தான் மெதுவானவற்றுக்கு மிகப் பெரிய வரமும் வந்தது. ட்ரிக் ரூம் போட்டால் வேகக் கணக்கு தலைகீழாகும். கடைசியில் அடிக்க வேண்டியது முதலில் அடிக்கும். ஐந்து டர்ன் நீடிக்கும். போடுகிற டர்னிலேயே ஒன்று கழிந்துவிடுவதால் கையில் நிற்பது நாலு. டார்கோல் என்ற நிலக்கரி ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் 20, தற்காப்பு 140. களத்தில் இறங்கியதும் வெயிலைக் கொண்டுவந்துவிடும். வெயிலில் நெருப்புத் தாக்குதல் ஒன்றரை மடங்கு. அதன் எரப்ஷன் மூவுக்கு 150 வலு, ஆனால் உயிர் குறையக் குறைய அந்த வலுவும் குறையும். சாதாரண நேரத்தில் இரண்டு பேரிடம் அடி வாங்கிய பிறகுதான் டார்கோலுக்கு முறை வரும். அதற்குள் எரப்ஷன் பாதியாகியிருக்கும். ட்ரிக் ரூமுக்குள் முழு உயிரோடு முதலில் அடிக்கும். இரட்டையர் ஆட்டத்தில் எதிரே நிற்கும் இரண்டும் ஒரே அடியில் சரிவதுண்டு. தொப்பூர் கணவாயில் பாரம் ஏற்றிய லாரி முன்னால் போனால் பின்னால் வரும் கார்களெல்லாம் அதன் வேகத்துக்குத்தான் வந்தாக வேண்டும் என்பது நாமக்கல் ஓட்டுநர்களுக்குத் தெரியும். அந்த நாலு டர்னும் அப்படித்தான்.

ஆனால் இந்த வரம் கடன் வாங்கியது. ட்ரிக் ரூம் அந்த டர்னில் எல்லாருக்கும் கடைசியாகத்தான் வேலை செய்யும். அதற்குள் எதிராளி டாண்ட் போட்டு வாயைக் கட்டலாம், ஃபேக் அவுட்டால் தடுமாற வைக்கலாம், போடுகிறவரையே வீழ்த்தலாம். தானும் ஒரு ட்ரிக் ரூம் போட்டுக் கலைத்தும் விடலாம். ஆறில் நாலைத் தேர்ந்தெடுத்து ஆடும் அதிகாரப்பூர்வப் போட்டிகளில், போடுவதற்கென்றே ஒரு இடம் செலவாகிறது. அது விழுந்தால் டார்கோல் மறுபடி வெறும் ஆமை.

ஃபெரோதார்னின் கதை வேறு. ராசிபுரம் விடுதியொன்றில் பார்த்த ஆட்டம் இது. இந்தப் பக்கம் முள் உருண்டையான ஃபெரோதார்ன், கையில் ராக்கி ஹெல்மெட். அந்தப் பக்கம் கார்சோம்ப், டிராகன் கிளாவால் பிறாண்டிக்கொண்டே இருந்தது. தொடும் ஒவ்வொரு முறையும் முள்ளால் எட்டில் ஒரு பங்கு, ஹெல்மெட்டால் ஆறில் ஒரு பங்கு கார்சோம்ப்புக்கே போனது. நாலு முறை தொட்டால் ஆள் காலி. பக்கத்தில் இருந்தவன் கத்தினான்: “டேய் மாப்ள, தொடாதடா! தொட்டா உனக்குத்தான்டா வலிக்கும்.” அவன் சொன்னதுதான் இந்த உயிரியின் பலம். எதிராளியின் தாக்குதலே அவனுக்குச் செலவாகிறது. போதாக்குறைக்கு ஜைரோ பால்: எதிராளி எவ்வளவு வேகமோ அவ்வளவு அடி. 22 வேகத்தில் நிற்கும் ஃபெரோதார்ன் 169 வேகமுள்ள கார்சோம்ப்பை அடித்தால் வலு உச்சவரம்பான 150ஐத் தொடும். அதையே டார்கோல் மாதிரி இன்னொரு மெதுவானதன் மேல் விட்டால் 26கூடத் தாண்டுவது கஷ்டம்.

அதற்குப் பிறகு ஆட்டம் திரும்பியது. லீச் சீட், புரொடெக்ட், மறுபடி லீச் சீட் என்று ஃபெரோதார்னை ஆடிய மாணவர் காலம் ஓட்டினார். அப்படி ஒரு டர்னில், எந்த அடியும் வாங்காமல் எதிராளியின் ஹீட்ரான் உள்ளே வந்தது. நெருப்பும் இரும்பும் சேர்ந்தது அது. ஃபெரோதார்னுக்கு நெருப்பு நாலு மடங்கு வலிக்கும், ஜைரோ பாலோ ஹீட்ரானைக் கால் பங்குதான் உறுத்தும். பின்வாங்க வேண்டியதாயிற்று. உள்ளே வந்த அடுத்தது மாக்மா ஸ்டார்மில் சிக்கியது. மெதுவான உயிரியால் வந்த தோல்வி என்று அதைச் சொல்லமாட்டேன். தாக்காமல் கழித்த டர்ன்கள் ஒவ்வொன்றும் எதிராளிக்கு இலவசமாகப் போனதுதான் காரணம்.

விளையாட்டை உருவாக்குகிறவர்களும் இந்தக் காத்திருப்பை விரும்பவில்லை போலும். 2022இல் வந்த ஸ்கார்லெட், வயலெட்டில் ரெஸ்ட், ரிகவர் போன்ற மூவ்களை ஓர் ஆட்டத்தில் போடக்கூடிய தடவைகளைப் பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். ஃபெரோதார்ன் அதில் இடம்பெறவே இல்லை. எதிராளி ஏற்றிக்கொண்ட வலுவைக் கண்டுகொள்ளாத டொண்டோசோ என்ற பெரிய கெளுத்தி மீன், கர்ஸும் ரெஸ்ட்டுமாக ஸ்னார்லாக்ஸின் பழைய வேலையைச் செய்கிறது. ஆனால் தடவைகளைக் கூட்டும் பிபி அப் முழுதும் கொடுத்தாலும் அது எட்டு முறைதான் தூங்கி எழ முடியும். எத்தனை கர்ஸ் போட்டுச் சுவர் எழுப்பினாலும், 24இல் ஒரு வாய்ப்பாக விழும் கிரிட்டிகல் அடி அந்தச் சுவரைக் கணக்கிலேயே எடுக்காது. நீளமாக ஆடுகிறவனுக்குத்தான் அந்த ஒன்று வந்து விழும் வாய்ப்பு அதிகம். ரெஸ்ட்டைக் குறைத்த அந்தத் திருத்தம் சரியானது என்றே நினைக்கிறேன்.

ஆகவே அடுத்த அணி சேர்க்கும்போது உங்கள் கனமான உயிரியைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: எதிராளி இதை நாலு டர்ன் கண்டுகொள்ளாமல் விட்டால் அவனுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்றால், எத்தனை பாசம் இருந்தாலும் அதை வெளியே எடுத்துவிடுங்கள்.